குளிரைவிட வறட்சிதான் தோலுக்கு எதிரி

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜப்பான், தென்கொரியா என்று பனி பார்க்கப் புறப்படும் குடும்பங்கள் ஏராளம். பயணப் பெட்டியில் கையுறை, கம்பளித் தொப்பி, தடித்த காலுறை எல்லாம் இருக்கும். தோலைப் பற்றி மட்டும் பலரும் யோசிப்பதில்லை. இரண்டு மூன்று நாளில் உதடு வெடித்து, விரல் மூட்டுகளில் கீறல் விழுந்து, கால்கள் சாம்பல் பூத்த பிறகுதான் மருந்துக் கடையைத் தேடுகிறார்கள். அங்கே கண்ணில் படும் விலை உயர்ந்த களிம்பை வாங்குகிறார்கள்.

மாணவர்களே, இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையற்றது என்பது என் கருத்து. குளிர்காலக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் அறிவியல் தெரிந்திருந்தால் சில வெள்ளிச் செலவிலேயே தோலைக் காத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு கணக்கு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 0 டிகிரியில் அந்த அளவு 5 கிராமுக்குச் சுருங்கிவிடும். சோலில் 0 டிகிரி குளிரில் உள்ள காற்று, ஹோட்டல் அறைக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதில் 17 கிராம் நீராவிக்கு இடம் உண்டு. ஆனால் இருப்பதோ அதிகபட்சம் 5 கிராம். அப்படியென்றால் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியோ 80 விழுக்காட்டுக்கும் மேல். விமானத்துக்குள் பல வேளைகளில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருக்கும். ஆக, பனியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தோல் உலரத் தொடங்கிவிடுகிறது.

தோலின் ஆக வெளிப்புறப் படலம் தலைமுடியைவிட மெல்லியது. அதை ஒரு செங்கல் சுவராகக் கற்பனை செய்யுங்கள். இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. உடலின் நீர் வெளியேறாமல் தடுப்பது இந்தச் சாந்துதான். குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கொதிக்கும் வெந்நீரில் நெடுநேரம் நின்று, சோப்பை அழுத்தித் தேய்த்தால் அந்தச் சாந்தைத்தான் கழுவிவிடுகிறோம். காய்ந்த படலம் வளைந்து கொடுக்காது, வெடிக்கும்.

எனவே செய்ய வேண்டியவை எளியவை. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரமாகக் குளியுங்கள். துண்டால் ஒற்றியெடுத்த சில நிமிடங்களுக்குள், ஈரம் காய்வதற்குமுன், பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். 1872ல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை பெற்ற பழைய பொருள் அது. அது தோலுக்கு நீர் தருவதில்லை. இருக்கும் நீரை மூடி வைக்கிறது. அதனால்தான் ஈரத்தோலில் பூசும்போது அதிகப் பலன் கிடைக்கிறது. உதட்டை நாக்கால் நனைக்காதீர்கள்; எச்சில் உலர உலர உதடும் மேலும் காயும். பனிமலைக்குச் செல்பவர்கள் சூரியத் தடுப்புக் களிம்பும் பூச வேண்டும். புதுப்பனி, தன்மேல் விழும் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும்.

"நம் தோல் கறுப்பு, எதையும் தாங்கும்" என்று வீட்டில் சொல்வதுண்டு. கறுப்பு நிறம் தரும் மெலனின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சுகிறது. நீரைப் பிடித்து வைப்பது அதன் வேலையன்று. வறண்டு மேலெழும்பிய செதில்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. கறுத்த தோலில் அது இன்னும் பளிச்சென்று தெரியும். நிறம் கெட்டுவிட்டது என்று பயந்து வெளுப்புக் களிம்பு வாங்குவது வீண்.

ஒரு வாரப் பயணத்துக்கு இவ்வளவு கவலை தேவையா என்று கேட்கலாம். நல்ல தோல் உள்ளவர்களுக்கு ஊர் திரும்பியதும் சரியாகிவிடும். ஆனால் எக்ஸிமா உள்ள மாணவருக்கு வறண்ட காற்று என்பது தூங்கவிடாத அரிப்பு. சொறிந்த இடத்தின் வெடிப்பு வழியாகக் கிருமியும் நுழையலாம். அவர்கள் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுச் செல்வது நல்லது. பிற்காலத்தில் பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ படிக்கப் போகிறவர்கள் பல குளிர்காலங்களைச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

பள்ளிகள் வெளிநாட்டுக் கற்றல் பயணங்களுக்கு முன்பு விளக்கக் கூட்டம் நடத்துகின்றன. குளிர் நாட்டுப் பயணம் என்றால் அதில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். ஓர் ஈரப்பதமானியையும் கொண்டுபோகச் சொல்லலாம். அறையில் அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இரவில் ஓர் ஈரத்துண்டைத் தொங்கவிட்டுக் காலையில் மீண்டும் பாருங்கள். எண் மாறியிருந்தால், அந்த நீர் எங்கே போனது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.