ஜிலேபி மீன் பெருக்க விரால் வேணும்!

திருவண்ணாமலையைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் ஜிலேபி மீன் பெருகிவிட்டால், குத்தகை எடுத்தவருக்குத் தலைவலிதான். வலை நிறைய மீன் இருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவைத் தாண்டாது. சந்தையில் விலை போகாது.

ஏன் இப்படி? ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். அதனால் நிறையக் குஞ்சுகள் பிழைத்துவிடும். இரண்டு, மூன்று மாதங்களில் அவையும் முட்டையிடத் தொடங்கும். இருக்கிற தீனிக்கு ஆயிரம் வாய். எதற்கும் வயிறு நிறையாது.

இங்கேதான் விரால் கைகொடுக்கிறது. அது ஜிலேபிக் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். கூட்டம் குறைந்ததும், மிஞ்சிய மீன்களுக்குத் தீனி கூடும், உடம்பும் பெருக்கும். விராலுக்கும் நல்ல விலை உண்டு.

ஆனால், அளவு முக்கியம். ஜிலேபி கொஞ்சம் வளர்ந்த பிறகே சிறிய விராலை விட வேண்டும். கட்லா, ரோகு குஞ்சுகளைப் புதிதாக விடும் ஏரியில் விரால் இருந்தால், போட்ட முதலே போய்விடும்.

விராலுக்குப் பதிலாக ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடலாமா? கூடவே கூடாது! நாட்டு மீன்களையும் விழுங்கிவிடும் என்பதால், 2000-ம் ஆண்டே அதன் வளர்ப்புக்கு மத்திய அரசு தடை போட்டுவிட்டது.