கைவேலைப் பகுதி: கயிற்றை இழுக்கும் முன்னர்



சென்ற கோடையில் ஒரு சனிக்கிழமை பிஸ்கட்டவேயில் வசிக்கும் அன்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். கராஜ் வாசலில் மரச்சட்டத்தில் பூட்டிய பழைய 9.9 குதிரைவலு வெளியிணைப்பு மோட்டார். யாரோ ஒருவரிடம் அலுமினியப் படகோடு சேர்த்து மலிவாக வாங்கியதாம். மறுநாள் பிள்ளைகளை ராரிட்டன் குடாவுக்குக் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, காலையிலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் கொப்புளம். மோட்டாரோ இருமக்கூட இல்லை.

அவருடைய மாமனார் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேசாலையில் தொழில் செய்தவர். “தம்பி, கயிறு என்ன பாவம் செய்தது? மெசினுக்கு வேண்டியது மூண்டு: தீன், நெருப்பு, மூச்சு. எது இல்லையெண்டு முதலில பாரும்” என்றார். பலருக்கும் பயன்படும் என்பதால், அவர் காட்டிய ஒழுங்கிலேயே இங்கு எழுதுகிறோம்.

காசு செலவில்லாதவை முதலில்

மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிற்றின் கொழுக்கி அதன் இடத்தில் மாட்டியிருக்கிறதா? கியர் நியூற்றலில் இருக்கிறதா? பெற்றோல் ரின்னின் மூடியிலுள்ள காற்றுத் துளை திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் சிறிது ஓடிவிட்டு நின்றுவிடும். குழாயின் நடுவிலுள்ள ரப்பர் உருண்டையின் அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்கவேண்டும். அதை இறுகும்வரை அமுக்குங்கள். எவ்வளவு அமுக்கியும் இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது ஒழுகுகிறது. குளிர்ந்த மோட்டாருக்குச் சோக் வேண்டும்.

தீன்

நமது அன்பரின் பிழை இங்குதான் இருந்தது. ரின்னிலிருந்த பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிவைத்தோம். சிறிது நேரத்தில் அடியில் வேறொரு படை தெரிந்தது. அமெரிக்காவில் விற்கும் பெற்றோலில் பெரும்பாலும் 10 வீதம் எதனோல் என்னும் மதுசாரம் கலந்திருக்கிறது. அது நீரை உறிஞ்சும். அளவுக்கு மிஞ்சினால் நீரும் மதுசாரமுமாகப் பிரிந்து அடியில் தங்கும். மோட்டார் உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது! மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலை நம்பவேண்டாம். 15 வீதம் எதனோல் உள்ளதைப் படகு மோட்டாருக்கு ஊற்றவே கூடாது.

இரண்டு ஸ்ரோக் மோட்டாருக்குப் பெற்றோலில் ஒயில் கலக்கவேண்டும். பலவற்றுக்கு 50க்கு 1, அதாவது ஒரு கலனுக்கு 2.6 அவுன்ஸ், 6 கலன் ரின்னுக்கு 16 அவுன்ஸ். மிகப் பழையவற்றுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஆகவே உங்கள் மோட்டாரின் கைநூலைப் பாருங்கள். நியூ ஜேர்சியில் பெற்றோலை நாமே அடிக்க முடியாது, ஊழியர்தான் அடிப்பார். ரின்னைக் காரிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்து நிரப்பச் சொல்லுங்கள்.

ஊரில் எரிபொருள் தடை இருந்த 1990களில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். அந்தக் கெட்டித்தனத்தை இங்கே காட்டவேண்டாம். இந்த மோட்டார்கள் பெற்றோலுக்கென்றே செய்யப்பட்டவை.

நெருப்பு

புதுப் பெற்றோல் ஊற்றிச் சில தடவை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்பைத்தான் சோதிக்கவேண்டும். காய்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. இந்த ஒரு பார்வை அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். நெருப்பைப் பார்க்கச் சில டொலருக்குச் சோதனைக் கருவி கிடைக்கிறது. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இழுக்கவேண்டாம், நன்றாக அடிக்கும். பெற்றோல் ஆவி நிற்கும் இடத்தில் பொறி பறக்கவிடவும் கூடாது.

அன்பரின் பிளக் காய்ந்தே இருந்தது. காபரேற்றரைக் கழற்றினோம். ஊசித்துளையில் பழைய பெற்றோல் பிசினாக உறைந்திருந்தது. அதற்கான திரவத்தை விசிறித் துடைத்ததும் துளையில் வெளிச்சம் தெரிந்தது.

மூச்சு

பிளக் துளையில் அழுத்தமானியைப் பூட்டிக் கயிற்றை இழுங்கள். இரண்டு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டவேண்டும். ஒன்று மிகக் குறைவாக இருந்தால், அந்த மோட்டாருக்கு மேலும் காசைக் கொட்டுமுன் இரண்டுதரம் யோசியுங்கள். நமது அன்பருக்கு இதில் குறையில்லை.

மூன்றாவது இழுவையில் மோட்டார் உறுமியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மாமனார் மட்டும் எழுந்து வந்து, “நிப்பாட்டும், உடன நிப்பாட்டும்!” என்றார்.

தண்ணீர்

மோட்டாரின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் இரு ரப்பர்ச் செவிகளைப் பூட்டித் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டிருந்தோம். தண்ணீரின்றி ஒரு கணமும் ஓட்டக்கூடாது. ஆனால் பின்பக்கத்துச் சிறு துளையால் நூலாகப் பாயவேண்டிய தண்ணீர் பாயவில்லை. தண்ணீர்ப் பம்பினுள் சுழலும் ரப்பர் இதழ்கள் பல வருடம் சும்மா கிடந்து வளைந்து காய்ந்துவிட்டன. இப்படியே கடலுக்குப் போயிருந்தால் சூடேறி நடுவழியில் இறுகியிருக்கும். அந்த ரப்பரின் விலை பெரிதல்ல, ஆனால் வார இறுதியில் எங்கே வாங்குவது? பயணம் தள்ளிப்போயிற்று. பிள்ளைகளின் முகம் வாடியது. அன்பருக்கும் கோபம். “ஒரு மணித்தியாலம் மட்டும்தானே மாமா” என்று கேட்டுப் பார்த்தார்.

பெரியவர் அப்போதுதான் சொன்னார். 1990இல் தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் குடும்பங்களை ஏற்றிச் சென்றவர் அவர். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். ஓரிரவு பாதி வழியில் மோட்டார் நின்றது. பெற்றோலில் தண்ணீர். வெளிச்சம் காட்டப் பயம். குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்திக்கொண்டிருக்க, இருட்டில் தடவித் தடவிக் காபரேற்றரைக் கழற்றி, துளையை வாயால் ஊதி மறுபடி பூட்டினாராம். “கரையில ஸ்ராட் வராத மெசினால ஒருத்தருக்கும் மோசமில்லை. அண்டைக்கு எங்களுக்கு வேற வழியில்லை, போனோம். இண்டைக்கு உமக்கு என்ன அவசரம்?” என்றார். அன்பர் அதன்பின் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புது ரப்பர் பூட்டி, பெரியவரையும் ஏற்றிக்கொண்டு போய்வந்தார்கள்.

வாசகர்களுக்குச் சில குறிப்புகள். மோட்டாரைச் சோதிப்பது எப்போதும் வெளியில்தான், மூடிய கராஜுக்குள் புகை ஆளைக் கொல்லும். நியூ ஜேர்சியில் மோட்டார்ப் படகைப் பதிவு செய்யவேண்டும், ஓட்டுபவரும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். 12 வயதும் அதற்குக் குறைந்த பிள்ளைகளும் ஓடும் படகில் உயிர்காப்புச் சட்டை அணிவது சட்டம், பெரியவர்களும் அணியுங்கள். ராரிட்டனில் வற்றும் பெருக்கும் உண்டு. துடுப்பும் நங்கூரமும் இல்லாமல் இறங்காதீர்கள். உப்புநீரில் ஓடி வந்தபின் நல்ல தண்ணீரால் மோட்டாரைக் கழுவுங்கள்.

உங்கள் கராஜிலும் கயிறிழுத்துக் களைத்த மோட்டார் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில், பனிக்காலத்தில் மோட்டாரை எப்படிக் கட்டிவைப்பது என்று பார்ப்போம்.