பிள்ளை ஒருவன், குணம் எத்தனை?

கல்லூரிகளிலே பெற்றோரைச் சந்திக்கும் நாளில் ஆண்டுதோறும் கேட்கும் உரையாடல் ஒன்றுண்டு. "உங்கள் மகன் வகுப்பிலே வாய் திறப்பதில்லை, விடை தெரிந்தாலும் தலைகுனிந்து நிற்கிறான்" என்பார் ஆசிரியர். "என்ன மாஸ்ரர் சொல்லுறியள்? வீட்டிலை அவன் வாய் மூடினால்தானே!" என்பார் தாயார். அடுத்த மேசையிலே இதற்கு நேர்மாறான வழக்கு நடக்கும். வீட்டிலே தம்பி தங்கையரோடு ஓயாது சண்டை பிடிக்கும் பிள்ளையைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டு என்று வகுப்பாசிரியர் புகழ்வார். தகப்பனாரோ, பேச்சு தம் மகனைப் பற்றியதுதானா என்று தேர்ச்சி அறிக்கையிலுள்ள பெயரை மறுமுறை பார்ப்பார்.

இவை சிரித்துவிட்டு மறக்கத்தக்கவை. ஆனால், பரீட்சையிலே பார்த்தெழுதிப் பிடிபட்ட ஒரு பிள்ளையைப் பற்றி இதே உரையாடல் நிகழும்போது சிரிப்புக்கு இடமில்லை. "என்ரை பிள்ளை அப்படிப்பட்டவனில்லை" என்று தாய் கண்ணீர் விடுகிறாள். "அவன் அப்படிப்பட்டவன்தான்; பிடிபட்டதுதான் இப்போது" என்று ஆசிரியர் அறையிலே ஒரு குரல் எழுகிறது. அந்தக் குரல் அடுத்த தவணைக்கும், அதற்கடுத்த ஆண்டுக்கும், அவனுடைய தம்பி அதே கல்லூரியிற் சேரும் நாளுக்குங்கூட முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இவ்விருவரிற் பிழையாகச் சொன்னவர் யார்? இருவரும் தாம் கண்டதையே சொன்னார்கள் என்பதுதான் உளநூல் தரும் விடை. தாய் கண்டது வீட்டிலிருந்த பிள்ளையை. ஆசிரியர் கண்டது பரீட்சை மண்டபத்திலிருந்த பிள்ளையை. பிழை "அப்படிப்பட்டவன்" என்ற அந்த ஒரு சொல்லிலேதான் ஒளிந்திருக்கிறது.

இதனைப் பெரிய அளவில் அளந்து பார்த்தோருள் முன்னின்றவர்கள் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள். 1920களிலே, 8 வயது முதல் 16 வயது வரையிலான 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை அவர்கள் ஆராய்ந்தனர். ஆராய்ச்சியின் முடிவுகள் 1928 முதல் 1930 வரை மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. "நீ நேர்மையானவனா?" என்று அவர்கள் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, வஞ்சகம் செய்வதற்கு வசதியான சந்தர்ப்பங்களை அமைத்துக் கொடுத்துவிட்டு என்ன நடக்கிறதென்று பார்த்தனர். விடைத்தாளைத் திருத்தும் வேலை பிள்ளைகளிடமே விடப்பட்டது; ஆனால் அவர்கள் முதலில் எழுதியவற்றுக்குப் பிரதி ஏற்கெனவே எடுத்துவைக்கப்பட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆட வேண்டிய விளையாட்டிலே இமையிடுக்கால் நோக்குவோர் உளரா என்று பார்க்கப்பட்டது. உடற்பயிற்சியிலே பெற்ற புள்ளியைப் பிள்ளையே குறிக்கவேண்டும். கூட்டிக் குறித்தானா என்பது பின்னர் தெரியவரும். காசுகளைக் கொண்டு செய்யும் புதிர் ஒன்று கொடுக்கப்பட்டது. அத்தனை காசும் திரும்பி வந்தனவா என்று எண்ணப்பட்டது.

நேர்மையானவர் ஒருபுறம், வஞ்சகர் மறுபுறம் என்று பிள்ளைகள் இரு கூட்டமாகப் பிரிந்து நிற்பர் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவ்வாறு நிகழவில்லை. மிகப் பெரும்பாலானோர் சில இடங்களில் வஞ்சித்தும், சில இடங்களில் வஞ்சியாதும் இருந்தனர். விடைத்தாளிலே கை வைத்தவன் காசிலே கை வைப்பான் என்று துணிந்து சொல்ல இயலவில்லை. ஒரே வகையான சந்தர்ப்பம் மீண்டும் வந்தபோது பிள்ளை பெரும்பாலும் முன்போலவே நடந்தான். சந்தர்ப்பத்தின் வகை மாறியபோதோ, முன்னையதைக் கொண்டு பின்னையதை அறிவது அரிதாயிற்று. இன்னொன்றும் வெளிப்பட்டது: ஒரே வகுப்பிலே படித்த பிள்ளைகள் இவ்விடயத்தில் ஒருவரையொருவர் ஒத்திருந்தனர். நேர்மை இன்னதென்று அறிந்திருப்பதற்கும், நேர்மையாய் நடப்பதற்கும் இருந்த தொடர்போ மெல்லியதாகவே காணப்பட்டது. காலைக் கூட்டத்திலே உபதேசம் செய்யும் எம்மனோர்க்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்.

இவர்கள் சிறுவர்கள், மனம் முதிராதவர்கள் என்று சொல்லக்கூடும். அப்படியாயின் குருமாராக விரும்பிப் பயின்றுகொண்டிருந்த வாலிபர்களைப் பார்ப்போம். அமெரிக்காவிலே பிறின்ஸ்ரன் நகரிலுள்ள கிறித்துவ இறையியற் கல்லூரியில் ஜோன் டார்லி, டானியல் பற்சன் என்போர் 40 மாணவர்களைக் கொண்டு செய்த சோதனை 1973இல் வெளிவந்தது. அம்மாணவர்கள் அயற்கட்டிடத்துக்குச் சென்று சிறு சொற்பொழிவு ஒன்று ஆற்றவேண்டும். சிலருக்குக் கொடுக்கப்பட்ட பொருள் நல்ல சமாரியன் உவமை; அதாவது, வழியிலே அடிபட்டுக் கிடந்தவனைச் சமயப் பெரியார் இருவர் விலகிப்போக, அயலினத்தான் ஒருவன் எடுத்துப் பேணிய கதை. போகும் ஒழுங்கையிலே ஒரு மனிதன் வாயிற்படியிற் சுருண்டு கிடந்து இருமி முனகினான். அவன் சோதனைக்காக அங்கே இருத்தப்பட்டவன் என்பது மாணவர்க்குத் தெரியாது.

ஆறுதலாகச் செல்லலாம் என்று அனுப்பப்பட்டோரில் நூற்றுக்கு 63 பேர் உதவ முற்பட்டனர். ஓரளவு அவசரத்தில் இருந்தோரில் 45 பேர். "நேரம் கடந்துவிட்டது, விரைந்து செல்லுங்கள்" என்று துரத்தப்பட்டோரில் 10 பேரே. சமயத்தை அவர்கள் எந்நோக்கத்தோடு பற்றியிருந்தனர் என்று முன்னரே கேட்டு அறிந்து வைத்த விவரங்கள், எவன் நிற்பான், எவன் நடப்பான் என்பதை முன்னறிவிக்க உதவவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர் சிலரே அந்த மனிதனைக் கடந்து சென்றனர். இரக்கம் அவர்களிடத்தே இல்லாமற்போகவில்லை; கைக்கடிகாரம் அதனை மறைத்து நின்றது.

இவ்வளவும் தெரிந்தும் நாம் பிறர் செயலைக் காணும்போது சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே பிடித்துக்கொள்கிறோம். நாம் பிந்தி வந்தால் பஸ் பிந்திவிட்டது. அவர் பிந்தி வந்தால் அவர் சோம்பேறி. இச்சாய்வுக்கு லீ றோஸ் என்னும் உளநூலார் 1977இல் "அடிப்படைப் பிழை" என்ற கருத்தமைந்த பெயரொன்றைச் சூட்டினார். அடிப்படை என்றால் உலகத்தார் யாவர்க்கும் பொதுவானதோ என்ற ஐயத்தைக் கிளப்பியவர் ஜோன் மில்லர் என்ற அம்மையார். அவர் சிக்காகோவிலும் மைசூரிலும் சிறுவரையும் பெரியோரையும் கண்டு, தமக்குத் தெரிந்தவர்கள் செய்த நல்லனவும் தீயனவுமான செயல்களைச் சொல்லவைத்து, அவற்றுக்குக் காரணமும் கேட்டார். 1984இல் முடிவை வெளியிட்டார். எட்டு வயதிலே இரு நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரேவிதமாகக் காரணம் கூறினர். வயது ஏற ஏற, அமெரிக்கர் "அவன் குணம் அது" என்ற பக்கம் சாய்ந்தனர்; மைசூர் இந்துக்கள் உறவு, கடமை, இடம், வேளை என்ற பக்கம் சாய்ந்தனர்.

இதைப் படித்து நாம் அவசரப்பட்டுப் பெருமை கொள்ள வேண்டியதில்லை. "அதுக்கு அங்கை என்ன நெருக்கடியோ, யாருக்குத் தெரியும்" என்று அயல்வீட்டு மருமகளுக்காகப் பரிந்து பேசும் ஆச்சிமார் நம்மிடையே உளர். அதே ஆச்சி தன் வீட்டு மருமகளைப் பற்றிப் பேசும்போது உளநூல் வேறாகிவிடும்.

அப்படியானால் குணம் என்று ஒன்று இல்லையா? எல்லாம் சூழ்நிலை என்றால் யாரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாதே என்று கேட்கத் தோன்றும். இக்கேள்வி உளநூலாரையே இரு கட்சியாக்கியது. 1968இல் வால்ரர் மிஷெல் என்பார் எழுதிய நூல் குணத்தை நம்பினோர் பலரை ஆட்டங்காணச் செய்தது. ஆனால் மறுபக்கத்துச் சான்றும் வலியது. ஹார்ட்ஷோர்ன், மே ஆகியோரின் கணக்குகளை 1963இல் மீண்டும் ஆராய்ந்த றோஜர் பேர்ட்டன், எல்லாச் சோதனைகளினூடும் ஓடும் நேர்மை இழையொன்று, மெல்லியதாயினும், இருக்கவே செய்கிறது என்று கண்டார். ஒரு நாட் செயலைக் கொண்டு மறுநாட் செயலை அறிய முடியாதெனினும், பல நாட் செயல்களைத் திரட்டி நோக்கின் ஒருவனுடைய போக்கு நன்கு புலப்படும் என்று 1979இல் சீமோர் எப்ஸ்ரைன் காட்டினார்.

எனக்கு இவற்றிலெல்லாம் மிக்க பயன் தருவதாகத் தோன்றுவது, மிஷெலும் யூயிச்சி ஷோடா என்பாரும் பிறரும் சேர்ந்து நடத்திய ஆய்வு. கோடைகாலப் பாசறை ஒன்றிலே தங்கியிருந்த பிள்ளைகளைப் பல வாரங்களாக இடைவிடாது அவதானித்து எழுதியது அது. முடிவு வெளிவந்தது 1994இல். தோழன் சீண்டும்போது, தோழன் நட்போடு அணுகும்போது, பெரியவர் எச்சரிக்கும்போது, தண்டிக்கும்போது, பாராட்டும்போது என ஐந்து நிலைமைகளில் ஒவ்வொரு பிள்ளையும் என்ன செய்கிறான் என்று குறித்தனர். கோபத்தின் மொத்தக் கணக்கிலே சமமாக நின்ற இருவர் முற்றும் வேறுபட்டவராயிருக்கலாம் என்பது தெரிந்தது. ஒருவன் பெரியவர் எச்சரித்தாற் சீறுவான், தோழரிடம் சாந்தமாயிருப்பான். மற்றவன் பெரியவர்க்கு அடங்குவான்; தோழன் அருகே வந்தாலே சீறுவான். இந்தக் கோலம் அவரவர்க்கு நிலையாக இருந்தது. "இன்ன வேளையில் இன்னது செய்வான்" என்ற அந்தக் கோலமே அவனுடைய குணம். "கோபக்காரன்" என்ற ஒரே முத்திரை இருவரையும் ஒன்றாக்கி, இருவரையும் மறைத்துவிடுகிறது.

வள்ளுவர் "தெரிந்துதெளிதல்" என்று ஓர் அதிகாரம் வகுத்ததையும், ஒருவனைத் தேரும்போது அறம், செல்வம், இன்பம், உயிர்க்கு நேரும் அச்சம் ஆகிய நான்கிலும் வைத்து ஆராயவேண்டுமென்று அதன் தொடக்கத்திலே சொன்னதையும் மாணவர் அறிவர். ஒரு சோதனை போதாதென்று கண்டமையாலன்றோ நான்கு சொன்னார்? பணத்தின்முன் அசையாதவன் அச்சத்தின்முன் அசையக்கூடும்.

இனிப் பார்த்தெழுதிய பிள்ளையிடம் வருவோம். தண்டனை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. செய்த செயலுக்கு உரிய தண்டனை உண்டு. தண்டனை முடிந்தபின் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. எந்தப் பாடத்திலே பார்த்தெழுதினான்? எல்லாப் பாடத்திலுமா, கணிதத்தில் மட்டுமா? தவணை நடுவிலே நோயுற்று வராதிருந்தானா? புள்ளி குறைந்தால் வீட்டிலே என்ன நடக்கும்? அவன் இருந்த வரிசையிலே பார்த்தெழுதாதவர் எத்தனை பேர்? இக்கடைசிக் கேள்வி அற்பமானதன்று. சொலமன் ஆஷ் என்பார் 1951இல் வெளியிட்ட சோதனையிலே, கண்முன்னிருந்த கோடுகளின் நீளத்தைக்கூட, கூட்டம் முழுவதும் பிழையாகச் சொன்னமையால் தாமும் பிழையாகச் சொன்னவர் பலர். கூட்டத்திலே ஒரேயொருவன் உண்மையைச் சொன்னபோது, அவ்வாறு இணங்குவது வெகுவாகக் குறைந்துவிட்டது. மாணவ நண்பர்களே, அந்த ஒருவன் வகுப்பிலே கெட்டிக்காரனாக இருக்கவேண்டியதில்லை. வாய் திறந்தவனாயிருந்தாற் போதும்.

கல்லூரியை விட்டுப் போகும் பிள்ளைக்கு நற்சான்றுப் பத்திரம் எழுதும்போதும் இதுவே என் எண்ணத்தில் நிற்கும். "நன்னடத்தையுடையவர்" என்ற ஒரு வரி எல்லார்க்கும் எழுதப்படுவதால் எவருக்கும் பயன்படுவதில்லை. இவர் இரண்டாண்டு நூலகச் சாவியை வைத்திருந்தார். ஒரு நூலும் காணாமற் போகவில்லை. விளையாட்டுப் போட்டியிலே தோற்ற அன்று கனிஷ்ட மாணவரைக் கடிந்துகொள்ளாமல் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பலர்முன் பேசத் தயங்குவார்; மூவர் நால்வருள் நன்றாகப் பேசுவார். இப்படி எழுதினால் பத்திரம் ஒரு பக்கத்தைத் தாண்டிவிடுகிறதென்று அலுவலகத்திலே தட்டச்சு செய்பவருக்கு என்மேல் மனக்குறை உண்டு.