மிச்ச சிமெண்டுக்குப் பயப்படலாமா?

முகத்துவாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்ட அன்று, சிந்திய கலவையைக் காயும் முன்னே கொத்தனார் சுரண்டி எடுத்தார். மறுநாள் என்றால் உளிதான்! பூமிக்குள் 3,000 மீட்டர் ஆழத்திலும் இதே சங்கதிதான்.

எண்ணெய்க் கிணற்றில், முந்தைய கேசிங்கின் அடிப்பகுதியில் மாட்டித் தொங்கவிடும் குழாய்க்கு லைனர் என்று பெயர். அதற்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் கூழை ஏற்றுகிறோம். லைனரின் மேல்முனையைத் தாண்டி வழிவதுதான் மிச்சம்.

காவிரிப் படுகையில் ரிக் வேலை பார்த்த எங்கள் குப்பத்து அண்ணன் ஒருவர் சொன்னார்: "தம்பி, கழுவுற தொல்லைக்குப் பயந்து, கணக்கா மட்டும் போடு போதும்னு சொல்றவங்க இருக்காங்க."

இதைத்தான் நான் எதிர்க்கிறேன். கணக்கையே பாருங்களேன். 8½ அங்குலத் துளையில் 7 அங்குல லைனர் இறக்கினால், மீட்டருக்குச் சுமார் 12 லிட்டர் சிமெண்ட். துளை அரித்து ஒரே ஒரு அங்குலம் அகன்றிருந்தால்? 21 லிட்டர்! நோட்டுக் கணக்கை நம்பினால் சிமெண்ட் பாதியிலேயே நின்றுவிடும். அந்த இடைவெளியில் வாயு ஏறும்.

மிச்சம் வரட்டுமே! லைனரை விடுவித்த கையோடு டிரில் பைப்பை அதன் மேல்முனைக்கு மேலே தூக்கி, பைப்புக்கு வெளிப்பக்கமாக மட்டை இறக்கினால், சிமெண்ட் பைப்புக்குள் ஏறி வெளியே வந்துவிடும். இது ரிவர்ஸ் சர்குலேஷன். பைப் குறுகல், அதனால் சீக்கிரம் வரும். பாறை பலவீனமாக இருந்து அந்த அழுத்தம் தாங்காது என்றால் நேர்வழியில் கழுவ வேண்டியதுதான். தாமதித்தால் பைப்பே சிமெண்டில் மாட்டிக்கொள்ளும். இறுகவிட்டு பிட் வைத்துக் குடையலாமே என்பார்கள். குடையலாம், ரிக் வாடகை யார் அப்பன் வீட்டுக் காசு?

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள். அங்கே இறக்கியது லைனர் அல்ல, மேலிருந்து அடிவரை போகும் கேசிங். பாறை விரிசல் விடுமோ என்று சிமெண்ட் அளவைக் குறைத்திருந்தார்கள். ஆபத்தைக் கூட்டிய முடிவுகளில் அதுவும் ஒன்று என்றது அமெரிக்க விசாரணைக் குழு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எங்கள் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அது கிணற்றிலிருந்து வந்ததல்ல. ஆனாலும் அதை மக்கில் மோந்து ஊற்றியது எங்க அப்பா மாதிரி மீனவர்கள்தான். வாரக்கணக்கில் கையில் நாற்றம் போகவில்லை.

நம் வகுப்பில் சிமெண்ட் அளவுக் கணக்குக்கு இரண்டு பீரியட். மிச்சத்தை எடுப்பது பற்றி ஒரே வரி! அதற்கும் ஒரு பீரியட் வேண்டும் என்று நம் சங்கம் இந்த ஆண்டே கேட்கட்டும்.