கைக்குழந்தைக்குக் கடல் எதற்கு என்போருக்கு

எங்கள் ஆய்வாளர் குழுவில் சென்ற வாரம் தோழி ஒருவர் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார். நான்கு வயது மகளையும் ஒன்றரை வயது மகனையும் இக்கோடையில் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறார். காணிப்பாக்கத்திலிருந்து போய்வர ஏற்ற கடற்கரை எது, எந்த நேரம் நல்லது என்பதே கேள்வி. இடத்தையும் நேரத்தையும் எவரும் சொல்லவில்லை. அறிவுரைதான் குவிந்தது. “அந்த வயதில் என்ன நினைவிருக்கப் போகிறது?” என்றார் ஒருவர். “ஐந்து வயது ஆகட்டும்” என்றார் இன்னொருவர். “தாயின் பொழுதுபோக்குக்குப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைப்பதா?” என்று எழுதியவர் ஒரு பேராசிரியர். தோழி குழுவிலிருந்து விலகிக்கொண்டார். அன்று நான் வாய்மூடி இருந்தேன். அங்கு எழுதியிருக்க வேண்டியதை இங்கு எழுதுகிறேன்.

முதலில் நினைவு. கைக்குழந்தையைத் திருமலைக்குத் தூக்கிச் சென்று, வைகுண்டம் வரிசைக் கூடத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து, மொட்டையடித்து, காதுகுத்தி அழைத்து வருகிறோம். காணிப்பாக்கத்தில் விநாயக சதுர்த்தி தொடங்கி 21 நாள் நடக்கும் பிரம்மோற்சவ நெரிசலில் எத்தனை பச்சிளங்குழந்தைகள் தோளில் உறங்குகின்றன! “இதெல்லாம் அதற்கு நினைவிருக்குமா?” என்று அங்கே எவரும் வினவுவதில்லை. பெரியவர்களின் நேர்த்திக்கடனுக்குக் குழந்தையின் நினைவு தேவையில்லை. குழந்தையின் மகிழ்ச்சிக்கு மட்டும் அது நிபந்தனையாகிறது. நடக்கக் கற்ற நாள் நம்மில் ஒருவருக்கும் நினைவில்லை. ஆயினும் நடக்கிறோம். ஈரமணல் கையில் நிற்கும், உலர்மணல் நழுவும், அலை வந்த வழியே திரும்பும் என்பதை ஒன்றரை வயது உடல் கற்றுக்கொள்ளும் விதமும் அத்தகையதே.

அக்குழுவில் இருப்போரில் பாதிப்பேர் தமிழ் இலக்கிய ஆய்வாளர்கள். நெய்தல் திணையில் சிறுமியர் கடற்கரையில் மணல்வீடு கட்டுவதையும் அலை வந்து அதை அழிப்பதையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு தனிப் பருவம் என்பதைத் தேர்வில் கேட்கிறவர்கள். ஓலைச்சுவடியில் சிற்றில் அழகு. தெரிந்த பெண்ணொருத்தி தன் மகளைச் சிற்றில் கட்ட அழைத்துச் சென்றால் அது பொறுப்பின்மை! இந்த முரண் ஒருவரையும் உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

ஆபத்து இல்லையா? உண்டு. அதை மழுப்பிப் பேசுவது எனக்கு உடன்பாடன்று. மெரினாவில் கரை சட்டென்று சரிகிறது. அலை கரையை ஒட்டியே உடைகிறது. உடைந்த நீர் திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகிறது. பெரியவரின் முழங்காலளவு நீர் மூன்று வயதுக் குழந்தைக்கு இடுப்பளவு. இதற்கு மேல், கரைக்கு வந்த நீர் குறுகிய தடமொன்றின் வழியே விரைந்து திரும்பும் இழுவை நீரோட்டம் இருக்கிறது. அத்தடத்தில் அலை உடைவது குறைவு. ஆகவே அறியாதவர் கண்ணுக்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். குமரி மாவட்ட மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்று சொல்லும் பெருக்கமோ காற்றும் மழையும் இல்லாத நாளில், எங்கோ தொலைவில் கிளம்பிய அலையால் வருவது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அத்தகைய நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்பே எச்சரிக்கை விடுத்திருந்தது. கரைக்கு வந்தவர்களை நிறுத்த அது போதவில்லை.

இறந்த ஐவரும் கைக்குழந்தைகள் அல்லர், படித்த இளைஞர்கள் என்பதைக் கவனியுங்கள். மெரினாவில் மூழ்கியோர் குறித்த செய்திகளில் திரும்பத் திரும்ப வருவோரும் பள்ளி, கல்லூரி மாணவர்களே. ஐந்து வயதுவரை, பிறகு பத்து வயதுவரை, பிறகு தேர்வு முடியும்வரை என்று நீரிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட ஒருவன், பதினெட்டு வயதில் நண்பர்களோடு முதன்முறையாக அலைமுன் நிற்கிறான். அலையைப் படிக்க அவனுக்கு யார் கற்பித்தார்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி 2021இல் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர். இந்த எண்ணைக் காட்டி “பார்த்தீர்களா!” என்பார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் இக்குழந்தைகள் மிகுதியாக இறப்பது கடற்கரைச் சுற்றுலாவில் அன்று. வீட்டருகே உள்ள குளம், குட்டை, கிணறு, மூடாத தொட்டி ஆகியவற்றில், பெரியவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில். அதனால்தான் பள்ளி செல்லா வயதினருக்கு நீரிலிருந்து விலகிய குழந்தைக் காப்பகம், பள்ளி வயதினருக்கு அடிப்படை நீச்சல் என்று அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. வங்கதேசம் இவ்விரண்டையும் ஊர் அளவில் செய்துகாட்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பண்ணைக்குட்டையும் மணல் அள்ளிய ஆற்றுப்பள்ளமும் வேலியின்றிக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி அக்குழுவில் ஒரு வரியேனும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

காணிப்பாக்கம் நீரால் பெயர்பெற்ற ஊர். நிலத்துக்கு நீர் வேண்டி மூன்று சகோதரர்கள் கிணறு வெட்டியபோது வெளிப்பட்டவர் எங்கள் பிள்ளையார். இன்றும் அவர் கிணற்றுக்குள்தான் இருக்கிறார். ஊர்க்கரையில் ஓடும் பாகுதா ஆற்றுக்கு, இழந்த கைகளை மீளத் தந்த கதை உண்டு. இப்படி நீரைக் கொண்டாடும் ஊரில் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் விரல்களே மிஞ்சும்.

இனி அந்தப் பேராசிரியரின் வரிக்கு வருகிறேன். தாயைக் கூண்டில் ஏற்றியதும் மற்ற அனைவரும் விடுதலையாகி விடுகிறார்கள். மெரினாவின் மணற்பரப்பு சராசரியாக 300 மீட்டர் அகலம். சென்னைத் துறைமுகத்தின் அணைகரை மணலைத் தடுத்து நிறுத்தியதால் அது அப்படி அகன்றது. அதே காரணத்தால் வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனது. மே மாதத்தில் அந்த 300 மீட்டரைக் கைக்குழந்தையோடு கடப்பவளுக்கு நிழல் எங்கே? பாலூட்ட மறைவிடம் எங்கே? குழந்தைக்கு உடை மாற்றும் கழிப்பறை எங்கே? இருப்பது ‘குளிக்கத் தடை’ என்னும் பலகை. மெரினாவில் உயிர்காப்புப் பணியாளர்கள் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் அங்கே திரளும் கூட்டத்துக்கு அவர்கள் எம்மாத்திரம் என்பதை நேரில் பார்த்தவர் அறிவர். பலகை எவரையும் கரைசேர்த்ததில்லை. விபத்துக்குப் பின் “முன்பே சொன்னோமே” என்று சுட்டிக்காட்ட மட்டும் அது பயன்படுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளில் பணம் கட்டியவர் பிள்ளைக்கு நிழலும் நீச்சல்குளமும் காவலும் கிடைக்கின்றன; அரசுப் பேருந்தில் வந்தவர் பிள்ளைக்குப் பலகையும் நம் அறிவுரையும்.

செய்ய முடியாத காரியமா இது? கோவாவில் 2008 முதல் அரசு ஒப்பந்தத்தின் பேரில் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள் கரையில் நிற்கிறார்கள். மெரினாவிலேயே 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகள் அலைவரை செல்ல மரப்பாதை அமைத்தார்கள்; அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமுற்றது, மீண்டும் சீர்செய்தார்கள். குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்லும் தாய்க்கும் அதே பாதை உதவும். செங்கல்பட்டு மாவட்டக் கோவளம் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. உயிர்காப்பு ஏற்பாடும் கழிப்பறையும் நீர்ப் பரிசோதனையும் இன்றி அச்சான்று கிடைக்காது. ஆந்திரத்தில் விசாகப்பட்டினத்து ருஷிகொண்டா 2020லேயே பெற்றது. 2025 தொடக்கத்தில் பராமரிப்புக் குறையால் அதனை இழந்து, சில வாரங்களில் மீட்டது. நெருக்கினால் நிர்வாகம் அசையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பெற்றோரை முற்றிலும் விடுவிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். படத்துக்காகக் குழந்தையைத் தோளிலேற்றி அலைக்குள் இறங்கும் தந்தையை நான் பார்த்திருக்கிறேன், கோபம் வந்தது. ஆனால் அவரிடம் பேச வேண்டியது “ஏன் அழைத்து வந்தாய்” என்றன்று, “எங்கே நிற்க வேண்டும்” என்று.

ஆகவே, தோழி, உங்கள் கேள்விக்கு ஒரு வாரம் தாமதமான விடை. கோவளம் போங்கள். காணிப்பாக்கத்திலிருந்து சென்னையே 160 கிலோமீட்டருக்கு மேல். கோவளம் அதையும் தாண்டி. ஆதலால் முந்தைய நாளே சென்று தங்கிவிடுங்கள். காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள், எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். அதன்பின் கத்திரி வெயிலில் மணல் பிஞ்சுக் கால்களைச் சுடும். புறப்படுமுன் அன்றைய அலை எச்சரிக்கையைப் பாருங்கள். அலை கடைசியாகத் தொட்ட கோட்டுக்கு மேலே ஈரமணலில் விளையாடட்டும். பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் எட்டும் தொலைவில், கைப்பேசி இல்லாமல். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர் வேண்டும் என்பதால் நானும் வருகிறேன். குடை என் பொறுப்பு.

மற்றவர்களுக்கு ஒரு செய்தி. பழைய சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. 2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது கூடூரும் சூளூர்பேட்டையும் சேர்ந்ததால் திருப்பதி மாவட்டத்துக்குக் கடற்கரை வாய்த்தது. வாகாடு மண்டலத்துத் தூபிலிபாளையம் இன்று அம்மாவட்டத்துக் கடல். அங்கே பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் எத்தனை பேர், எந்நேரங்களில் பணியில் இருக்கிறார்கள், கோடை விடுமுறைக்கு நிழலும் கழிப்பறையும் அமைக்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். தெலுங்கில் திருத்தித் தர ஒருவர் வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர் எவராயினும் சரி, பேராசிரியர் உட்பட. திங்கட்கிழமை அனுப்புகிறேன்.