கடைசி ஸீட் யாருக்கு பாஸ்?

வீட்டுல ஏழு ஸீட் எஸ்.யூ.வி. வாங்கப் போறாங்களா? 'நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே, எதை வாங்கலாம்னு சொல்லு'ன்னு அப்பா உங்களைத்தான் கேட்பார். உஷார்! பாட்டி, சித்திக்கெல்லாம் இடம் விட்டுட்டு, மூணாவது வரிசையில் முழங்காலை மடக்கி உட்காரப்போறது நீங்கதான்.

டாடா சஃபாரி, ஹூண்டாய் அல்கஸார் ரெண்டையும் எடுத்துக்குவோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், அதாங்க வீல்பேஸ், அல்கஸாரில் 2,760 மி.மீ., சஃபாரியில் 2,741. 'அப்ப அல்கஸார்தான் தாராளம்'னு முடிவு கட்டிடாதீங்க. அகலம் அல்கஸாரில் 1,800, சஃபாரியில் 1,922. வெளி அளவுதான்னாலும், கிட்டத்தட்ட அஞ்சு அங்குல வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

டீசல் இன்ஜின்? சஃபாரிக்கு 2 லிட்டர், 170 பி.எஸ். அல்கஸாருக்கு 1.5 லிட்டர், 116 பி.எஸ். ஏழு பேரை ஏத்திக்கிட்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறணும்னா என் ஓட்டு சஃபாரிக்கே. பார்க்கிங்குக்கு அல்லாடுற தெருன்னா, நீளம் குறைவான அல்கஸார்.

லக்கேஜ் விஷயத்தில் ரெண்டுமே கஞ்சம். மூணு வரிசையும் நிமிர்ந்திருந்தா அல்கஸாரில் 180 லிட்டர் இடம்தான். நம்ம ஹாஸ்டல் சூட்கேஸுக்கே மூச்சு முட்டும். சஃபாரியில் அதைவிடக் கம்மி!

டெஸ்ட் டிரைவில் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடிக்கட்டும், நீங்க நேரா பின்னாடி ஏறுங்க. தலை கூரையில் இடிக்குதா, ஏ.சி. காத்து முகத்துக்கு வருதா, பெல்ட் தோள்மேல சரியா உட்காருதானு பாருங்க. முக்கியமா, பாட்டியையும் கூட்டிட்டுப் போங்க. ஷோரூம்காரர் நடு ஸீட்டை நிமிர்த்தி வெச்சுட்டு, 'எவ்ளோ இடம் பாருங்க சார்'ம்பார். பாட்டி அதில் வசதியா சாய்ஞ்ச பிறகு எவ்ளோ மிச்சம்னு அளந்துக்குங்க!