களத்துமேட்டில் நிற்பவர் யார்?

காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டில் ரொபேட் கொக் உலகிற்குக் காட்டினார். அதன்பின் நெடுங்காலமாக, வறியவனின் சளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பதே நோயறியும் வழியாக இருந்தது. ஆனால், நுணுக்குக்காட்டி கிருமியைக் காட்டுமேயன்றி, அது மருந்துக்குப் பணியுமா என்பதைக் காட்டாது. அதை அறியக் கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். வாரங்கள் பல செல்லும். அதற்குள், பயனற்ற மருந்தை விழுங்கிக் கிடப்பவனின் இருமல் அவன் பிள்ளைகளையும் பற்றிவிடும்.

இக்கொடுமைக்கு விஞ்ஞானம் விடை கண்டது. றிபாம்பிசின் என்னும் மருந்தைக் கிருமி எதிர்ப்பது, பெரும்பாலும் அதன் ஒரு பரம்பரையலகில் நேரும் மாற்றத்தால். அம்மாற்றத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கண்டறியும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையை உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்டது.

விடை கிடைத்தது, வாயிலில் வியாபாரி நிற்கிறான். ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒரு காட்றிஜ் வேண்டும். இயந்திரமோ, அதைச் செய்த செபீட் கம்பனியின் காட்றிஜை அன்றி வேறெதையும் ஏற்காது. 2012இல் வறிய நாடுகளுக்கென வகுத்த 9.98 டொலர் விலை பதினோராண்டுகள் அசையவில்லை. 5 டொலருக்குக் குறைவாகவே அதனைச் செய்யலாமென 2019இல் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு கணக்கிட்டுக் காட்டியது. நோயாளரும் வைத்தியரும் உலகெங்கும் குரலெழுப்பிய பின்னரே, 2023இல் விலை 7.97 டொலராயிற்று. இனி இலாபமின்றித் தருவோமென்று கம்பனி கூறிற்று. அங்ஙனமாயின் அந்தப் பதினோராண்டுக் கணக்கை யார் தருவது?

இலாபமின்றேல் ஆராய்ச்சி ஏது என்பர் சில கனவான்கள். அந்த ஆராய்ச்சிக்குப் பணம் தந்தவர் யார் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். இத்தொழில்நுட்பத்தின் ஆக்கத்தில் 25 கோடி டொலருக்கு மேற்பட்ட பொதுப்பணம் சேர்ந்துள்ளதென 2021இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உழுது விதைத்தவர் மக்கள். களத்துமேட்டில் மரக்காலுடன் நிற்பவர் முதலாளி!

2023இல் மாத்திரம் பன்னிரண்டரை இலட்சம் உயிர்களைக் காசநோய் கொண்டுபோயிற்று. ஆதலின் நாம் கேட்பது தருமமன்று, உரிமை. பொதுப்பணத்தில் பிறந்த சோதனையின் உற்பத்திக் கணக்கு மக்கள்முன் விரிக்கப்படல் வேண்டும். அதனைச் செய்யும் நுட்பம் வறிய நாடுகளின் கைகளுக்கும் வந்து சேர வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பறையில் பரம்பரையலகைப் படிக்கும் நாளில், அந்தக் காட்றிஜின் விலையையும் கரும்பலகையில் எழுதுங்கள்.